அடைப்பு எடுக்கிறவள்

கல்யாணமாகி மலாக்காவுக்கு வந்த முதல் வருஷத்தில் நான் அதிகமாகப் பேசியது பித்தளை நாசில்களோடுதான். சிரிக்க வேண்டாம். பேச வேறு ஆள் இல்லை.

என் கணவருக்குத் தொலைபேசி இலாகாவில் கேபிள் இணைக்கும் வேலை. நாடு சுதந்திரம் அடையப்போகிறது என்று பேச்சு எழுந்த காலம் அது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மண்ணைத் தோண்டிக் கேபிள் புதைத்துக்கொண்டிருந்தார்கள். கேபிளுக்கு மேல் ஈயத்தோல் போர்த்தியிருக்கும். இரண்டு துண்டுகளைச் சேர்க்கும் இடத்தில் ஒரு ஈயக் குழாயை மாட்டி, அதன் இரண்டு முனைகளிலும் ஈயத்தை உருக்கிப் பற்றவைத்து, சூடு ஆறுவதற்குள் துணியால் வழித்துவிட வேண்டும். சரியாகப் பற்றாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி ஊர் முழுக்கத் தொலைபேசி ஊமையாகிவிடும். இந்த வேலைக்காக அவர் குழிக்குள் குனிந்து உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தது புளோ லாம்பு என்கிற ஊது விளக்கு.

பார்க்கச் சின்னப் பித்தளைச் செம்புதான். அடியில் மண்ணெண்ணெய், பக்கத்தில் ஒரு பம்ப், முன்னால் துப்பாக்கி மாதிரி ஒரு குழாய். குழாய்க்குள் ஒளிந்திருக்கும் ஒரு குட்டிப் பித்தளைத் திருகுதான் நாசில். அதன் நடுவில் தலைமயிர் நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம். மண்ணெண்ணெய் ஆவியாகி அந்தத் துவாரத்தின் வழியே சீறிக்கொண்டு வந்தால்தான் நீலத் தீ. கரி படிந்து அடைத்துக்கொண்டால் தீ இருமும், துப்பும், மஞ்சளாகிப் புகையும். புகைந்த தீயில் ஈயம் பற்றாது. அப்புறம் மண்டோர் என்கிற மேஸ்திரியின் வாயில் விழ வேண்டியதுதான்.

அடைப்பு எடுக்கத் தகரக் கைப்பிடி வைத்த குத்தூசி உண்டு. குத்துவது பெரிய வித்தை இல்லை, அவசரப்படாமல் இருப்பதுதான் வித்தை. கொஞ்சம் முரட்டுத்தனமாகக் குத்தினால் துவாரம் கோணலாகி அகன்றுவிடும். அகன்ற நாசிலைக் குப்பையில் போட வேண்டியதுதான், வேறு வழி கிடையாது. என் கணவரின் விரல்கள் சூடுபட்டுச் சூடுபட்டுத் தடித்துப் போனவை. அந்த விரல்களில் குத்தூசி இருப்பதே தெரியாது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் ஒரு நாசிலைக் குத்திக் கெடுத்துவிட்டு, வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தார். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும்.

“குடுங்க இங்க. பார்த்துக்கிட்டு இருக்க முடியல,” என்று பிடுங்கிக்கொண்டேன்.

நான் நாசிலை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, ஊறிய கரியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஊசியை நேராக விட்டு எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். உள்ளே வட்டமாக ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது. அவரும் வாங்கிப் பார்த்துவிட்டு, “ம்” என்றார். அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது.

திங்கட்கிழமை விடியும்போது அவர் அலோர் காஜா பக்கமோ தம்பின் பக்கமோ கிளம்பிவிடுவார். வேலை நடக்கும் இடத்திலேயே கூடாரம். சனிக்கிழமைதான் திரும்பி வருவார். வட்டமான சிகரெட் டின்கள் இரண்டு இருந்தன. ஒன்றில் சுத்தமான நாசில்களை எடுத்துக்கொண்டு போவார், இன்னொன்றில் கரி பிடித்தவற்றை மேசைமேல் விட்டுவிட்டுப் போவார். ஒரே மத்தியானத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். நான் முடிக்க மாட்டேன். நாளுக்கொன்று, இரண்டு என்று பங்கு வைத்துக்கொண்டேன். முடித்துவிட்டால் மிச்ச நாளை என்ன செய்வது?

“உனக்கு என்ன கேடு, இப்படி அடைச்சிக்கிட்டு இருக்க?” என்று நாசிலைக் கேட்பேன். ஊசி போட்டதும் கரி தூளாக உதிரும். “இப்ப மூச்சு விடு,” என்பேன். யாராவது பார்த்திருந்தால் தம்போயில் இருக்கிற பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது ஜாசினுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் ஒரு பக்கம் தும்மினால் மறுபக்கத்திலிருந்து நூறு வயசு என்று வாழ்த்துவார்கள். பேச்சுச் சத்தம் பிடிக்காமல் காதைப் பொத்திக்கொண்டு வளர்ந்தவள் நான். மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் எங்கள் வாடகை வீட்டுக்குள் நுழைந்தபோது, அப்பாடா, இனி நிம்மதி என்றுகூட நினைத்தேன். அந்த நிம்மதி ஒரு வாரம் தாங்கவில்லை.

வீடு கம்போங் செட்டியின் ஓரத்தில் இருந்தது. முதல் நாள் காலையில் வெளியே வந்து பார்த்தால் வீட்டுக்கு வீடு நிலைப்படியில் மாவிலை கட்டியிருந்தது. கோயில் மணி கேட்டது. எதிரே வந்த பெரியவர் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். நம்ம ஆட்கள் நடுவில்தான் குடிவந்திருக்கிறோம் என்று வயிறு குளிர்ந்து போய், “கும்பிடுறேங்க,” என்றேன். அவர் சிரித்த முகமாக ஏதோ சொன்னார். முழுக்க முழுக்க மலாய். அங்கே எல்லாருமே அப்படித்தான், பல தலைமுறைக்கு முன்னாலேயே வந்து மலாய் பேசப் பழகிவிட்ட செட்டிகளாம். அதே முருகன், அதே மாரியம்மன், அதே விபூதி, வாயைத் திறந்தால் மட்டும் எனக்கு விளங்காத பேச்சு. நடுநடுவே ஒரு தமிழ்ச் சொல் வந்து விழும். கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி நான் நிமிர்வதற்குள் அது போய்விடும். என்னுடைய மலாய் கடையில் சாமான் வாங்குகிற மலாய். அதை வைத்துக்கொண்டு யாரிடம் மனசைத் திறப்பது?

என் வீட்டை ஒட்டினாற்போல ஒரு பழைய பெரிய வீடு. நடுவில் செம்பருத்தி வேலி, வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. அங்கே இருந்தவள் என்னைவிட இருபது வயதாவது மூத்தவள். சாரோங்கும் கெபாயாவும் உடுத்தி, கொண்டையை இழுத்துச் செருகி, எந்த நேரமும் அடுப்படியில் இருப்பாள். கூய் என்கிற பலகாரம் செய்வாள். காலையில் ஒருவர் சைக்கிளில் வந்து சந்தைக்கு எடுத்துக்கொண்டு போவார். அவளுடைய அடுப்படிப் பலகைச் சுவரும் என்னுடையதும் பக்கத்தில் பக்கத்தில். அவள் பேசுவது எனக்குக் கேட்கும். காலையில் பேசுவாள், மத்தியானம் பேசுவாள், சில நேரம் செல்லமாக அதட்டுவாள். பதில் பேசுகிற குரல் மட்டும் கேட்காது. படுக்கையில் கிடக்கிற மாமியாரோ, மெதுவாகப் பேசுகிற புருஷனோ, யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வீடு நிறைய மனிதர்களோடு இருக்கிறவள் என்று அவள்மேல் எனக்கு ஒரு பொறாமைகூட உண்டு.

ஒரு நாள் பின்வாசலில் உட்கார்ந்து நாசிலை வானத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். செம்பருத்திச் சந்தில் நின்று அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய்விட்டு, தன் பம்ப் அடுப்பைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

“அடிக், தோலோங்,” என்றாள். தங்கச்சி, உதவி செய் என்பது எனக்கே புரிந்தது. பர்னரைத் தட்டிக் காட்டி, “சும்பாட்,” என்றாள். மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு மூச்சுத் திணறுவதுபோல நடித்தும் காட்டினாள். அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த அடுப்பிலும் அதே சங்கதிதான், உள்ளே ஒரு குட்டி நாசில். கழற்றினேன், ஊறப்போட்டேன், குத்தினேன், மாட்டிப் பற்றவைத்தேன். சூர்ர்ர் என்று நீலத் தீ எழும்பியது. “பாண்டாய்!” என்று கையைத் தட்டினாள். கெட்டிக்காரி என்றாளாம். கட்டின புருஷன் “ம்” என்று சொன்ன வேலைக்கு இந்த அம்மாள் கைதட்டுகிறாள்! அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் வாழையிலையில் மடித்த பலகாரம் ஒன்று வேலி மேலிருந்து வந்தது.

அதற்கப்புறம் சில நாளைக்கொரு தரம் அடுப்பு வரும். நாசில் ஊறுகிற நேரத்துக்கு அவள் என் பின்வாசலில் கிடந்த மரக்கட்டையில் உட்காருவாள். நான் அக்கா என்பேன், அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்ப்பாள். அவள் அவளுடைய பேச்சில் ஏதோ சொல்வாள். நான் தமிழில் அம்மா வீட்டிலிருக்கும் அண்ணியைப் பற்றியும், என் கணவர் பேசாமல் இருப்பதைப் பற்றியும், தோட்டத்தில் கூத்துப் பார்த்ததைப் பற்றியும் சொல்வேன். இரண்டு வானொலிப் பெட்டியை எதிரெதிரே வைத்து ஆளுக்கொரு நிலையத்தைத் திருகி விட்டதுபோல இருக்கும். ஒருவர் சொன்னது ஒருவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் அவள் போன பிறகு என் வாய் வலிக்கும். வாய் வலிக்கப் பேசியதில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு சாமானில் கோளாறு இருந்தால் அதைத் தோண்டிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. என் கணவரின் நாசில்கள் ஒரு வாரம் தாங்கும்போது இவளுடைய அடுப்பு மட்டும் ஏன் நாலாம் நாளே அடைக்கிறது? தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். மண்ணெண்ணெயோடு துரு துருவாக விழுந்தது. அவள் எண்ணெய் வைத்திருந்த தகர டின் உள்ளே அரித்துப் போயிருந்தது. நான் விடுவேனா? தொட்டியை அலசினேன். பம்ப்பின் தோல் வாஷருக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். கிழிந்த வேட்டித் துணியை நாலாக மடித்துப் புனலில் கட்டி, இப்படி வடிகட்டி ஊற்று என்று செய்து காட்டினேன். அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையை ஆட்டினாள்.

அடுப்பு புதுசு மாதிரி ஆகிவிட்டது. அவள் வருவதும் நின்றுவிட்டது.

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு சூர்ரென்று இரைவது கேட்கும். அடைப்பு இல்லாத நாசிலின் சத்தம் எனக்குத் தெரியாதா! அதைக் கேட்கக் கேட்க எரிச்சலாக வரும். வேலியோரம் பார்த்தால் கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, “பாகூஸ்,” என்பாள். அடுப்பு நன்றாக எரிகிறதாம். எரியட்டும், யாருக்கு வேண்டும் என்று முனகிக்கொண்டு உள்ளே வருவேன். அவள் வீட்டுக்கு நானே போயிருக்கலாம் என்று இப்போது சொல்வது சுலபம். கூப்பிடாத வீட்டுக்குள், பேச்சுத் தெரியாத வீட்டுக்குள், என்ன காரணம் சொல்லிக்கொண்டு போவது? அடுப்பு இருந்தால் அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

அந்த நாட்களில்தான் சுவர் என்னை விழுங்க ஆரம்பித்தது. சோறு பொங்கி ஒரு தட்டில் போட்டுக்கொண்டு உட்காருவேன், அழுகை வரும். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. திட்டுவதற்காவது யாராவது இருக்கக் கூடாதா என்றிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொல்லிவிட்டேன்.

“என்னால இங்க இருக்க முடியலங்க. நான் அம்மா வீட்டுக்குப் போறேன்.”

அவர் நகத்திலிருந்த ஈயக் கறையைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

“போறதுன்னா போ. திரும்பி வர்றதுன்னா நீயா வா. நான் கூப்பிட வரமாட்டேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. போனால் போனதுதான் என்பது புரிந்தது. தோட்டத்தில் வாழாவெட்டி என்ற பெயர் கிடைக்கும், அண்ணி அதை எனக்குச் சோறு போடும்போதெல்லாம் ஞாபகப்படுத்துவாள். அதற்குப் பயந்தே சில வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மாம்பழக் காலம் வந்தது. ஒரு நாள் பொழுது விடிந்ததிலிருந்து பக்கத்து வீட்டில் அடுப்பு ஓயவில்லை. மீன் குழம்பு வாசனை, தேங்காய்ப்பால் சோற்று வாசனை, டுரியான் வாசனை எல்லாம் ஒன்றாகக் கலந்து என் வீட்டுக்குள் வந்தது. வேலிமேல் கழுவிய தலைவாழையிலைகள் வரிசையாகத் தொங்கின. அத்தனை இலை! கல்யாணமா, காதுகுத்தா என்று ஜன்னலோரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் அரிசி களையப் போன நேரத்தில் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள் போலும், ஒருவரையும் நான் பார்க்கவில்லை. உச்சி வேளையில் அவள் புதுக் கெபாயாவோடு வெளியே வந்து, கதவை மெல்லச் சாத்திவிட்டு, வாசற்படியில் தன்னந்தனியாக உட்கார்ந்தாள்.

நான் வேலியோரம் போய், “அக்கா?” என்றேன். அவள் உதட்டில் விரலை வைத்தாள். தாடையால் வீட்டுப் பக்கம் காட்டி, ரகசியமாக, “மாக்கான்,” என்றாள். சாப்பிடுகிறார்கள்.

அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். உள்ளே பெரிய மனிதர்கள் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆண்கள் சாப்பிட்டு முடிக்கிறவரை வீட்டுக்காரி வெளியே காத்திருக்கிற வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை இலை போட்டிருக்கிறாள். ஒரு பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்தி ஒற்றைத் தட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒப்புக்காவது ஒரு வார்த்தை கூப்பிட்டாளா? அந்தச் சமையலை வேகவைத்த தீ நான் சுத்தம் செய்து கொடுத்த தீ. வீட்டுக்குள் வந்து கதவைப் படாரென்று சாத்தினேன். சேலையை மாற்றிக்கொண்டு நேராக டவுனுக்கு நடந்தேன்.

டவுனில் ஒரு தமிழ் முஸ்லிம் மளிகைக்கடை உண்டு. வாரத்தில் ஒரு நாள் நான் தமிழ் கேட்கப் போகிற இடம் அதுதான். சீரகம் வாங்கப் போய்க் கொத்துமல்லி விலையையும் விசாரித்துவிட்டு வருவேன். அந்தக் கடையிலிருந்து எங்கள் தோட்டத்துக்குச் சரக்கு போகும்.

“பாய், சரக்கு லோரிக்காரர்கிட்ட ஒரு சேதி சொல்லி அனுப்பணும். எங்க அண்ணனை வந்து என்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.”

கடைக்காரர் தராசைக் கீழே வைத்தார். “என்னாம்மா, வீட்ல சண்டையா?”

“சண்டை போடக்கூட ஆளில்ல பாய்.”

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை. “மெர்டேக்கா அன்னிக்கி தோட்டத்து லோரி ஆளுங்கள ஏத்திக்கிட்டு டவுனுக்கு வேடிக்கை பார்க்க வருதாம். அதுலயே வரச் சொல்லிடுறேன்,” என்றார். மெர்டேக்கா என்றால் சுதந்திர நாள்.

திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூடத்தில் அவள் மட்டும் குனிந்து இலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். தரையில் வரிசையாக இலைகள். ஒவ்வொன்றிலும் சோறும் குழம்பும் மீனும் மாம்பழக் கீற்றும் பரிமாறியபடியே இருந்தன, ஒரு பருக்கைகூடக் கலையவில்லை. எதிரே குத்துவிளக்கு, சாம்பிராணிப் புகை. சுவரில் படங்கள். வேறு யாரும் இல்லை. பின்கட்டிலும் இல்லை, அறைகளிலும் இல்லை. எல்லாக் கதவுகளும் திறந்து கிடந்ததால் வீடு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை தெரிந்தது.

என்னைப் பார்த்ததும் கையசைத்தாள். நான் நிலைப்படி வரைக்கும் போனேன். படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். பொக்கைவாய்க் கிழவி ஒருத்தி, பெரிய மீசைக்காரர் ஒருவர், கோட்டுப் போட்ட ஒருவர். கோட்டுப் போட்டவரைக் காட்டும்போது தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டாள். “சூடா மாத்தி,” என்றாள். செத்துப் போய்விட்டார்கள். உள்ளே சாப்பிட்டவர்கள் அவர்கள்தான். செத்தவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்றுதான் இவள் கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

நான் அந்த நிலைப்படியிலேயே நின்றேன். அவளுக்குப் பதில் சொல்கிற குரலை நான் ஏன் ஒரு நாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. நான் நாசில்களோடு பேசினேன், அவள் சட்டிகளோடு பேசினாள். பலகைச் சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே கதைதான் நடந்துகொண்டிருந்திருக்கிறது. அவள் ஒரு இலையை அப்படியே மடித்து என் கையில் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து அதைப் பிரித்துச் சாப்பிட்டேன். மீன் நல்ல புளிப்பாக இருந்தது.

ஆனால் சேதி போய்விட்டதே. சரக்கு லோரி மறுநாளே தோட்டத்துக்குப் போயிருக்கும். வேண்டாம் என்று இன்னொரு சேதி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அவள் தனியாக இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டதால் என் தனிமை எந்த விதத்தில் குறைந்தது? அவளுக்காவது வருஷத்துக்கொரு தரம் சாப்பிட வருகிற செத்தவர்கள் இருக்கிறார்கள். அவளும் அதற்குப் பிறகு வரவில்லை. அடுப்புதான் நன்றாக எரிகிறதே.

மெர்டேக்காவுக்கு இரண்டொரு நாள் முன்னால் வேலியோரம் அவளிடம் சொன்னேன். துணி மூட்டை கட்டுவதுபோலக் கையால் காட்டி, “பாலெக் கம்போங்,” என்றேன். ஊருக்குத் திரும்பிப் போகிறேன் என்பதற்கு எனக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான். எப்போது என்று கேட்டாள் போலிருக்கிறது. “மெர்டேக்கா,” என்றேன். அவள் கொஞ்ச நேரம் செம்பருத்தி இலையைக் கிள்ளிக்கொண்டு நின்றாள். “பாகூஸ்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நல்லதாம்! எனக்குச் சுருக்கென்றது. இந்த ஊரில் ஒரு ஜீவனுக்கும் நான் வேண்டியவள் இல்லை என்று மூட்டையை இன்னும் இறுக்கிக் கட்டினேன்.

அன்றைக்கு ஊரே தெருவில் இருந்தது. வீட்டுக்கு வீடு கொடி. பிள்ளைகள் தொண்டை கிழிய மெர்டேக்கா, மெர்டேக்கா என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஊர் முழுக்கத் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்கிற நாளில் ஒரு கம்பியும் சாகக் கூடாது என்று விடியற்காலையிலேயே அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் கிளம்புகிறேன் என்று சொல்லியிருந்தும், போகும்போது கரி பிடித்த நாசில் டின்னை வழக்கம்போல மேசைமேல் வைத்துவிட்டுத்தான் போனார். பழக்கத்தில் வைத்தாரா, வேண்டுமென்றே வைத்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் எல்லாவற்றையும் அன்று ஒரே மூச்சில் சுத்தம் செய்து டின்னை மூடி வைத்தேன். இனிமேல் மிச்சம் வைக்க நாள் இல்லை.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அண்ணன் வந்தது. சட்டைப்பையில் காகிதக் கொடி.

“சாமான்லாம் கட்டிட்டியாம்மா? லோரி முச்சந்தில நிக்குது. இருட்டறதுக்குள்ள போயிடணும்னு டிரைவர் குதிக்கிறான்,” என்றது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, “மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டதானே? அப்புறம் எம்மேல பழி வரக் கூடாது,” என்றது.

சொல்லிவிட்டேன் என்று மூட்டையைத் தூக்கினேன். அப்போது பின்பக்கம் செம்பருத்திச் செடி சலசலத்தது. அவள் நின்றாள். இடுப்பில் துணி சுற்றிய அடுப்பு.

“அடிக். சும்பாட்,” என்றாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் எரிந்த அடுப்புக்கு இன்றைக்குத்தானா அடைக்க வேண்டும்? அதுவும் நான் கிளம்புகிற நேரத்தில்? வடிகட்டாமல் ஊற்றியிருப்பாள், சொன்னதைக் கேட்டால்தானே! “என்னா இது, யாரு?” என்றது அண்ணன். “ஒரு நிமிஷம் இருங்க அண்ணே,” என்று மூட்டையை இறக்கி வைத்தேன். அடைப்பு என்று கொண்டுவந்த சாமானைத் திருப்பி அனுப்ப என் கைக்குத் தெரியவில்லை.

துணியை விலக்கி, நாசிலைக் கழற்றப் பர்னரைத் தொட்டேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். விரல் சுட்டுவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தேன். அடைத்துக்கொண்ட அடுப்பு எப்படிச் சுடும்? கொஞ்சம் முன்புவரை அது எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

துணியால் பிடித்து நாசிலைத் திருகி எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். உள்ளே வட்டமாக, தெளிவாக, ஒரு பொட்டு வானம் தெரிந்தது. ஒரு துளிக் கரி இல்லை.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, வாசலில் கிடந்த என் மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சும்பாட்,” என்று மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை குரல் வெளியே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினேன். நாசிலை அதில் போட்டேன். உள்ளே போய் மேசைமேலிருந்த குத்தூசியை எடுத்துக்கொண்டு வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். அவள் மெல்ல வந்து மரக்கட்டையில் உட்கார்ந்து சாரோங்கை இழுத்துவிட்டுக்கொண்டாள். முச்சந்தியில் லோரிக்காரர் ஹாரனை அழுத்தத் தொடங்கிவிட்டார்.

“இன்னும் எவ்ளோ நேரம்மா ஆவும்?” என்றது அண்ணன்.

“ரொம்ப அடைச்சிருக்கு அண்ணே. இது இன்னைக்கு முடியற வேலை இல்ல,” என்றேன். “நீங்க கெளம்புங்க.”